வாக்கினால் வந்த வாகை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் உதைபந்தாட்டம், பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டமாதலின், றக்பிக்கே நெருங்கிய உறவுடையது. அணிகளோ நூற்றுக்கு மேல். ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவதோ பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே. யாவரும் யாவரோடும் பொருதல் இயலாமையால், நாட்டின் முதல்வர் யாவர் என்பதை நெடுங்காலம் வாக்கே முடிவு செய்தது. 1936 முதல் அசோசியேற்றட் பிறஸ் பத்திரிகையாளரின் வாக்கைத் திரட்டிற்று. 1950 இல் பயிற்றுநரின் வாக்கெடுப்பும் தனியே தொடங்கிற்று. இரு தீர்ப்பும் முரண்பட்ட ஆண்டுகளில் நாட்டுக்கு இரு முதல்வர்!

இதனினும் விந்தை, புத்தாண்டையொட்டிய பெரும் போட்டிகளுக்கு முன்னரே வாக்கெடுப்பு முடிந்துவிட்டமையாகும். 1960 ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல்வராக அறிவிக்கப்பட்ட மினசோட்டா, 1961 சனவரியில் றோஸ் போல் ஆட்டத்தில் வாசிங்டனிடம் தோற்றது, பட்டமோ பறிபோகவில்லை. 1964 ஆம் பருவத்து அலபாமாவின் கதையும் அதுவே. பத்திரிகையாளர் 1968 இலிருந்து நிலையாக இம்முறையைக் கைவிட்டனர். பயிற்றுநரோ 1974 இலேயே திருந்தினர்.

1998 இல் வாக்கோடு கணினியின் கணிப்பையும் கூட்டி, முதலிரு அணிகளை நேரிற் பொருத வைத்தனர். ஆயினும், 2003 ஆம் பருவத்திற் பத்திரிகையாளர் முதலிடம் வழங்கிய தென் கலிபோர்ணியாவுக்கு அவ்விறுதியாட்டத்தில் இடமே கிட்டவில்லை. 2014 ஆம் பருவத்தில் 4 அணிகளோடு தொடங்கிய வெளியேற்றுமுறைப் போட்டி, 2024 இல் 12 அணிகளாக விரிந்தது. அவ்வணிகளைத் தரப்படுத்துவது மட்டும் இன்றும் ஒரு குழுவின் வாக்கே.