இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன்...

சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று திருகோணமலைக்கு வடக்கே நீளும் கரையில் கடற்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கதவுக் கொண்டியும் சைக்கிள் சங்கிலியும் சில வருடங்களில் துருவாய்ப் போகும். ஆனால் கோழிக்கூட்டுக்கும் விறகு அடுக்குக்கும் இடையில், இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம் ஒன்று பழுதாகியும் உருக்குலையாமல் நிற்பதைச் சில வீடுகளில் காணலாம். அதன் உடம்பு பிளாஸ்டிக். அதனால் தப்பியது.

நம் சகோதரிகள் பலர் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய், பிறர் உடுப்பைத் தோய்த்துச் சம்பாதித்த காசில் தம் உம்மாவுக்கு வாங்கி வந்த பொருள் அது. இரும்புக்காரர் அதைக் கிலோக் கணக்கில் கேட்கிறார். சகோதரிகளே, கொடுக்கும் முன் சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லீ மேக்ஸ்வெல் என்ற மின்பொறியியல் பேராசிரியர், ஓய்வு பெற்ற பின் பழைய சலவை இயந்திரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்தன. கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றார். துருவைச் சுரண்டி, உடைந்த பாகத்தைத் தாமே செய்து பொருத்தி, பலவற்றை மீண்டும் ஓட வைத்தார். கையால் சுழற்றும் மரப்பீப்பாய்கள், மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளுக்காக மேட்டேக் நிறுவனம் செய்த பெட்ரோல் இயந்திரங்கள், ஈரத்துணியை இரண்டு ரப்பர் உருளைகளுக்கு இடையே விட்டுப் பிழியும் வகைகள் எல்லாம் இத்தகைய சேகரிப்புகளில் உண்டு. அந்த உருளைகளில் விரலும் கூந்தலும் சிக்கிய பெண்கள் எத்தனையோ பேர்!

கைப்பிடி வைத்த பழைய முறை இன்று திரும்பி வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் குயிலாப்பாளையம் கிராமத்தில் தங்கியிருந்த நவ்ஜோத் சாஹ்னி என்ற பிரித்தானியப் பொறியியலாளர், கையால் தோய்த்துக் களைத்த அயல்வீட்டுப் பெண்ணைப் பார்த்து, மின்சாரமே வேண்டாத இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அப்பெண்ணின் பெயரையே வைத்து ‘திவ்யா’ என்றார். ஈராக்கின் அகதி முகாம்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. வட டகோட்டாவின் பனியில் தாய் துணி காயப்போடுவதைப் பார்க்கப் பொறுக்காத ரோஸ் மூர் என்பவர் செய்தது, 1938இல் கடைக்கு வந்தது. நமக்கு வெயில் இருக்கிறது. ஆனாலும் மார்கழி மழையில் பிள்ளைகளின் பள்ளி உடுப்பு இரண்டு நாளாகியும் காயாதபோதுதான் சுழல்தொட்டியின் அருமை தெரியும்.

இரட்டைத் தொட்டியின் உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், சாவி கொடுத்த கடிகாரம்போல ஓடும் நேரக்குமிழ். தோய்க்கும் பக்கம் உறுமல் கேட்டும் சுற்றவில்லையா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது கப்பாசிட்டர் செத்திருக்கலாம். பிழியும் பக்கம் சுற்றவில்லையா? மூடியின் சுவிட்சையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். அடியில் நீர் ஒழுகினால் ரப்பர் சீல். இவை பெரும்பாலும் சிறு செலவில் மாற்றக்கூடியவை. புதிய இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை உப்புக்காற்றில் கெட்டால் அதன் விலை வேறு!

கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சவூதியில் வாங்கியதென்றால் பின்பக்கத் தகட்டைக் கட்டாயம் படியுங்கள். அங்கே பல வீடுகளில் இருந்தது 127 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். மின்மாற்றி வைத்தாலும், அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்பதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றும். பூமிக்கம்பியும் இணைத்திருக்க வேண்டும்.

மத்ரஸாவில் பெண்கள் அடிக்கடி கேட்பது இன்னொன்று: குழந்தையின் சிறுநீர் பட்ட துணியை இதில் போடலாமா? நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸான துணியை முக்கினால் அந்த நீரும் நஜீஸாகிவிடும். மற்றத் துணிகளும் அதிலேயே கிடக்கும். எனவே நஜீஸ் பட்ட இடத்தை முதலில் தனியே எடுத்து, நஜீஸை அகற்றி, மேலிருந்து சுத்தமான நீரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதன் பிறகு சவர்க்காரத் தூளோடு இயந்திரத்தில் போடலாம்.