சறுக்குத் திடலும் நம் இளைஞரும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் திடலின் அருமையை அறிவர். பள்ளியும் கோயிலும் திடலும் அருகருகே இருந்தன. மாலை வேளையில் சிறுவரும் பெரியவரும் அங்கேதான் கூடினர். 1917இல் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம் உருவானதும் இவ்வட்டாரத்திலேயாம். பின்னர்த் தோட்டங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு வீடு கிடைத்தது, திடல் கிடைக்கவில்லை.

அவ்வாறு பெயர்ந்த பழைய மாணவன் ஒருவன் தீபாவளிக்கு என்னைக் காண வந்தான். கையில் ஒரு சறுக்குப் பலகை. "எங்கேயப்பா விளையாடுகிறாய்?" என்றேன். "கார் நிறுத்துமிடத்தில்தான் ஐயா, காவலாளி விரட்டும் வரைக்கும்" என்றான். அவ்விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

சறுக்குப் பலகையாவது, மேப்பிள் மரத்தகடுகளை ஏழு அடுக்காக ஒட்டி, அடியில் நான்கு சக்கரங்கள் பூட்டியது. கலிபோர்னியாவின் கடலலைச் சறுக்கு வீரர்கள், அலையில்லாத நாள்களில் தரையில் ஓடுதற்கு இதனைக் கையாண்டனர். 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரங்கள் வந்தபின் ஓட்டம் சீரடைந்தது. 1976-77இல் அங்கு வறட்சி நேர்ந்து நீச்சற் குளங்கள் வற்றின. அவற்றின் வளைந்த சுவர்களில் இளைஞர் ஏறி இறங்கிப் பழகினர். இன்றைய சறுக்குத் திடல்களிலுள்ள கிண்ணம் போன்ற பள்ளங்கள் அக்குளங்களின் வழிவந்தவையே. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. பதின்மூன்றே வயதான சப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியா அதில் தங்கம் வென்றாள்.

இது செல்வர் வீட்டு விளையாட்டு என்று எண்ணுவோர் ஜன்வாரை அறிதல் வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் பன்னா மாவட்டத்திலுள்ள சிற்றூர் அது. செருமானியப் பெண்மணி உல்ரிக்கே ரைன்ஹார்டின் முயற்சியால் 2015இல் அங்கே ஒரு சறுக்குத் திடல் எழுந்தது. விதிகள் இரண்டே: பள்ளிக்கு வாராதவர்க்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். ஒருவரோடொருவர் பழகாதிருந்த பழங்குடிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே திடலில் விளையாடத் தொடங்கினர். அவ்வூர்ப் பெண் ஆஷா கோண்ட் 2018இல் சீனத்து நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டார். ஆசிரியராகிய நமக்கு அவ்விரு விதிகளே அத்திடலின் சிமெந்தைவிட மதிப்புடையவை.

இனி, கட்டும் முறையைக் காண்போம். முதலாவது நிலம். பிறர் நிலத்தில் ஒரு கல்லும் வைத்தலாகாது. ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான இசைவைப் பெறல் வேண்டும். அடுத்து வடிகால். நம் நாட்டு மழையில் பள்ளத்தில் நீர் தேங்கினால் அது ஏடிஸ் கொசுவின் தொட்டிலாகிவிடும். ஆதலால் பள்ளத்தின் அடியில் வடிகுழாயும், சமதளத்தில் மெல்லிய சாய்வும் இன்றியமையாதவை. தரையை இழைத்து வழவழப்பாக்குதல் வேண்டும். சிறு பிளவிலும் சக்கரம் தடுக்கும். கற்காரையைக் கொட்டியபின் ஏழு நாளேனும் ஈரம் காத்தல் நலம். அது முழு வலிமை பெற ஏறத்தாழ இருபத்தெட்டு நாள் செல்லும். புதியவர்க்குத் தாழ்ந்த சரிவையும் தேர்ந்தவர்க்கு உயர்ந்த சரிவையும் தனித்தனியே அமைத்தால் மோதல் குறையும். தலைக்கவசம் கட்டாயமாதல் வேண்டும்.

இத்தனைக்கும் முன்னே செய்யத்தக்கது ஒன்றுண்டு: இளைஞரையே அழைத்துக் கேட்டல். 1990இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், பர்ன்சைடு பாலத்தின்கீழ் இளைஞர் தம் கையாலேயே ஒரு திடலைக் கட்டினர். இசைவு பெறாமல் தொடங்கியது அவர் குறையே. நகராட்சி பின்னர் அதனை ஏற்றுக்கொண்டது. தாம் கலந்து கட்டியதை அவர்கள் பேணிக் காத்தும் வந்தனர்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதனைப் பேசுக. ஊராட்சி மன்றத்திற்கு விண்ணப்பம் எழுதுக; அதில் இளைஞரின் கையொப்பமும் இருக்கட்டும். விரட்டப்படும் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்பதை ஆசிரியர் அறிவர். அவன் நிற்க ஓரிடம் தருவது நம் கடன்.