மன்னார்க் கரையிற் கணனித் தமிழும் அலுவல் ஆவணங்களும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு முதல் மரிச்சுக்கட்டி வரை நீளும் கரை முத்துக்குளிப்பினாற் பெயர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற குளிப்புக்களில், சுழியோடிகள் கொணர்ந்த சிப்பிகளுள் மூன்றில் இரண்டு பங்கினை அரசு எடுத்துக்கொள்ள, எஞ்சிய ஒரு பங்கு அவர்க்கு உரியதாயிற்று. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பெற்று ஏலத்தில் விற்கப்பட்டது. 1906ஆம் ஆண்டிற் குளிப்பு நடந்தபொழுது, பின்னாளில் ஆங்கில எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்வ் அங்குக் கடமையாற்றியவர்களுள் ஒருவர். முத்தின் ஒளியைப் பாடியோர் பலர். பங்கினையும் எண்ணிக்கையையும் விலையையும் நாள்தோறும் பதிந்த எழுதுவினைஞரைப் பாடியவர் இலர். ஆயினும் அப்பதிவு இல்லையேல் அக்கரையில் ஒரு நாள் வாணிகமும் நடந்திராது.

முத்துக்குளிப்பு மறைந்தது, எழுத்துவேலை மறைந்திலது. இற்றை நாளிற் பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறை முதலிய ஊர்களின் கடற்றொழிலாளர் சங்கங்கள் திணைக்களங்களுக்கு எழுதும் கடிதங்கள், வாடிக்காரர் நண்டுக்கும் கடலட்டைக்கும் எழுதும் விலைச்சிட்டைகள், காணி அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பங்கள், வலையிழப்பு முறைப்பாடுகள் ஆகிய யாவும் கணனியில் ஆக்கப்படுகின்றன. பாடநூல்கள் இவ்வேலையைச் 'சொன்முறைவழிப்படுத்தல்' என வழங்கும். இதனைக் கற்போர் பலரும், எழுத்தைத் தடிப்பாக்குதல், நிறமூட்டுதல், படம் சேர்த்தல் என்பவற்றையே கல்வியெனக் கொள்கின்றனர். அவை பிழையல்ல, ஆயின் அவை மேற்பூச்சு. ஆவணமொன்று தான் எழுதப்பட்ட கணனியை விட்டு நீங்கி வேறோர் இடத்திற் சேர்ந்த பின்னும் தன் பொருளைக் காத்து நிற்குமா என்பதே அலுவல் எழுத்தின் உண்மைச் சோதனை.

இச்சோதனை மன்னாரில் ஏனைய இடங்களினும் கடுமையானது. அதற்குக் காரணங்கள் வரலாற்றில் உள. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன்கீழ் ஒழுங்குவிதிகள் வருவதற்கு 1966 வரை காத்திருக்க நேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னரே தமிழும் அரசகரும மொழி என்னும் நிலையை எய்தியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக உறுதிசெய்தது. எனவே தமிழில் எழுதுதற்குரிய உரிமை நெடுங்காலம் தாழ்த்து வந்தது. வந்த காலமோ போர்க்காலம். 1990ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவகத்து ஊரவர் பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையைச் சேர்ந்தனர். தமிழ்க் குடும்பங்களும் மடுத் தேவாலய வளாகத்துக்கும் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குமாகச் சிதறின. வீட்டோடு உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் அழிந்தன. 2009க்குப் பின் மீண்டவர்கள் தமது காணியையும் தொழிலையும் நிறுவுதற்குத் தாளையன்றி வேறு துணை பெற்றிலர்.

தமிழைப் பொறியில் ஏற்றிய முயற்சி கணனிக்கு மிக முந்தியது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டிற் பிறந்த ஆர். முத்தையா, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த காலத்தில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வகுத்தார். செருமனியில் அது செய்யப்பட்டு 1930களில் வழக்குக்கு வந்தது. தமிழெழுத்துக்கள் 247, பொறியின் விசைகளோ ஐம்பதிலும் குறைந்தவை. புள்ளி, விசிறி முதலிய குறிகளை நகரா விசைகளில் அமைத்து, முதலிற் குறியையும் பின்பு அதே இடத்தில் மெய்யின் வடிவையும் பதிக்கும் வழியால் இவ்விடர் தீர்க்கப்பட்டது. இடக்கை விரல்கள் நான்கும் ய, ள, ன, க என்பவற்றின் மேலும், வலக்கை விரல்கள் த, ம, ட என்பவற்றின் மேலும் அமரும் அவ்வொழுங்கு தட்டெழுத்துக் கல்லூரிகளில் எத்துணையோ தலைமுறைக்கு முதற்பாடமாயிற்று.

கணனி வந்தபொழுது ஈழத்துத் தமிழருட் பெருவழக்குப் பெற்ற எழுத்துரு 'பாமினி' என்பது. தட்டெழுத்துப் பொறியின் விசையொழுங்கையே அது பெரிதும் தழுவியமையால், பயின்ற விரல்கள் எளிதில் அதற்குப் பழகின. அதன் இயல்பினைச் சற்று விரித்து நோக்குதல் தகும். பாமினியிற் 'தமிழ்' என்று எழுதுபவர் உண்மையில் ஆங்கில நெடுங்கணக்கின் ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையும் அடிக்கின்றார். கணனி தன் நினைவிற் பதிந்துகொள்வதும் அவற்றையே. திரையிலும் தாளிலும் தமிழாய்த் தோன்றுவது எழுத்துரு அணிவித்த உடை மட்டும். 'மன்னார்' என்பது கே, டி, அரைப்புள்ளி, டி, எச், எச், அரைப்புள்ளி என்றாகும். ஈற்றயலிலுள்ள காலும் ஈற்றிலுள்ள ரகரமும் வடிவொப்புமையால் ஒரே விசையைப் பெற்றன. உடையைக் களைந்தாற் சொல் காணாமற் போகும். பாமினி இல்லாத கொழும்பு அலுவலகக் கணனியொன்றில் அக்கடிதம் திறக்கப்படுமாயின், எவர்க்கும் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலே அங்குத் தோன்றும்.

கடிதத்தினும் பெரிய கேடு பட்டியல்களுக்கு நேர்வது. மன்னார்க் கரைச் சங்கமொன்றின் உறுப்பினர் பட்டியலைப் பாமினியில் எழுதி அகரவரிசைப்படுத்துமாறு கணனியை ஏவினால், அது ஆங்கில வரிசையையே பின்பற்றும். எகரக் கொம்பு மெய்க்கு முன்னே தனி எழுத்தாய் அடிக்கப்படுவதால், செபமாலை, பெர்னாண்டோ, லெம்பேட் எனச் சகரத்திலும் பகரத்திலும் லகரத்திலும் தொடங்கும் பெயர்கள் யாவும் கொம்பின்கீழ் ஒரே கூட்டமாய்ச் சேரும். சூசை என்பதன் முதலெழுத்து ஒரு குறியீட்டு விசையில் இருத்தலால் அப்பெயருடையார் எல்லார்க்கும் முன்னே நிற்பர். ஐந்து பிரதேச செயலகங்கள் உள்ள மாவட்டத்தில், பல்லாயிரம் பெயர்கொண்ட பழைய பட்டியலொன்றில் ஒருவரின் பெயர் உளதா இலதா என்று தேடுவார்க்கு இஃது எத்துணை இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒருங்குறி எனப்படும் யுனிக்கோட் முறை இக்குறையை வேரோடு நீக்குவது. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இம்முறையிற் ககரம் என்றும் ககரமே. எழுத்துரு மாறினும் எழுத்து மாறாது. கொம்பு எழுத்துக்கு இடப்புறம் தோன்றினாலும், நினைவில் அது மெய்யின் பின்னரே பதியப்படும். ஆதலின் செபமாலை சகரத்தில் நிற்பார். பழைய பாமினிக் கோவைகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளும் உள. அவற்றை நம்பி உறங்கிவிடல் ஆகாது. இடையிடையே வேறோர் எழுத்துருவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் அவை தமிழென மயங்கிப் பொருளற்ற எழுத்துக்களாக்கிவிடும். மாற்றிய பின் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

எழுத்துச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தபின் அமைப்பு எஞ்சுகின்றது. தட்டெழுத்துப் பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் விசைக்கேற்ப வரையறுத்த அகலம் உண்டு. ஆகவே இடைவெளி விசையை எண்ணி அடித்து நிரல்களை நேராக்குதல் அங்கு இயன்றது. அவ்வழக்கம் கணனிக்கும் தொற்றிக்கொண்டது. கணனியில் 'ர' ஒடுங்கியது, 'ணை' பரந்தது; இடைவெளியால் நேராக்கிய நிரல்கள் எழுத்துரு சிறிது மாறியவுடன் குலையும். தொகை ஒருவரின் பெயரை விட்டு அடுத்தவர் பெயருக்கு எதிரே சென்று நிற்கும். இதற்கு மருந்து அட்டவணையே. நிரை, நிரல் வகுத்து ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய கட்டத்தில் இடுதல் வேண்டும். அட்டவணை பல பக்கம் செல்லுமாயின், தலைப்பு நிரை ஒவ்வொரு பக்கத்திலும் தானே மீண்டும் தோன்றுமாறு அமைத்தல் கூடும்.

வலையிழப்பு முறைப்பாடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இந்திய இழுவைப்படகுகளால் வலைகள் அறுபடுவது மன்னார்க் கரையில் நீண்டகாலத் துயரம். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாற் தடைசெய்தது. முறைப்பாட்டில் உணர்ச்சி மிகுந்த சொற்கள் எத்துணை இருப்பினும், நாள், நேரம், இடம், படகின் பதிவிலக்கம், வலையின் வகை, துண்டுகளின் எண்ணிக்கை, பெறுமதி ஆகியவை தனித்தனி நிரல்களில் நில்லாவிடின் அலுவலர் ஒன்றும் செய்ய இயலாது. அவற்றுள்ளும் இடத்தைக் குறிப்பதில் ஓர் இடர் மறைந்துள்ளது. பேசாலைக்கு அண்மையான கடலின் நெடுங்கோடு ஏறத்தாழ 79 பாகை 50 கலை. பாகைக் குறியும் கலைக் குறியும் விசைப்பலகையில் எளிதிற் கிட்டாமையால், எழுதுபவர் அதனை '79.50' எனப் புள்ளியிட்டு எழுதிவிடல் உண்டு. தசமமாய்ப் படிப்பார்க்கு அது 79 பாகை 30 கலையாகும். வேறுபாடு 20 கலை. அவ்வகலக்கோட்டில் அது 36 கிலோமீற்றருக்கு மேல். 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை வரைந்த கடலெல்லை ஆதாம்பாலத்தருகே 79 பாகை 32 கலையில் முடிகின்றது. எனவே ஒரு புள்ளியின் பிழையால், தன் கரையோரத்தில் வலையிழந்தவர் எல்லைக்கு அப்பாற் சென்று வலைவிரித்தவராய்த் தாளில் தோன்றுவார். முறைப்பாட்டாளர் குற்றவாளியாகும் இவ்விந்தை நிகழாதிருக்க, பாகைக்கும் கலைக்கும் தனித்தனி நிரல் வகுத்தல் போதும்.

கடிதத்தின் உறுப்புக்கள் இந்நாட்டில் வழக்கால் நிலைபெற்றவை: எனது இலக்கம், உமது இலக்கம், திகதி, பெறுபவரின் பதவி, யார் ஊடாக அனுப்பப்படுகின்றது என்பது, விடயம், உடல், ஒப்பம், பிரதிகள். இவற்றை ஒருமுறை மாதிரிக் கோவையாக அமைத்துவிடின் மீண்டும் மீண்டும் ஆக்க வேண்டுவதில்லை. தலைப்புக்களைப் 'பாணி' எனும் வசதியால் அமைத்தல் நன்று. ஓரிடத்தில் மாற்றின் எல்லாத் தலைப்பும் ஒருங்கே மாறும். இருபுற ஓரத்தையும் ஒட்ட நிரப்பும் முறை தமிழுக்கு அத்துணை பொருந்துவதன்று. தமிழ்ச்சொற்கள் நெடியவை, ஒரு வரியில் நான்கே சொற்கள் அமையுங்கால் அவற்றிடையே வாய்க்கால் போன்ற வெளிகள் திறந்துவிடும். இடப்புறம் மட்டும் ஒழுங்காய் நிற்கும் பத்தியே படித்தற்கு இனிது. பொதுக்கூட்ட அறிவித்தலை நூறு உறுப்பினர்க்கு விடுக்க நேரின், கடிதம் ஒன்றையும் பெயர்ப்பட்டியல் ஒன்றையும் இணைத்து நூறு கடிதங்களைக் கணனியே ஆக்கச் செய்யலாம். பட்டியல் செம்மையாய் இருத்தல் மட்டும் முன்வேண்டுவது.

பெயர்களைப் பற்றி ஒன்று கூறாது விடல் ஆகாது. பெர்னாண்டோ, பர்ணாந்து, குரூஸ், குருஸ், முகமது, முஹம்மது எனக் கரையோரப் பெயர்கள் பல வடிவங்களில் வழங்குகின்றன. அடையாள அட்டையில் ஒன்றும் பிறப்புச் சான்றிதழில் மற்றொன்றும் இருத்தல் அரிதன்று. சீர்மை கருதி ஒரே கட்டளையால் எல்லா இடத்தும் ஒரு வடிவை மற்றொன்றாக மாற்றுதல் கணனியில் ஒரு நொடி வேலை. அவ்வொரு நொடியிற் பலரின் பெயர் அவர்தம் சான்றிதழோடு முரணிவிடும். மூல ஆவணத்தில் உள்ளவாறே எழுதி, வேற்று வடிவத்தை அடுத்த நிரலிற் குறித்தலே நேரிய முறை.

இவற்றைக் கற்பிப்போர் புதிய பயிற்சிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஊர்ச் சங்கமொன்றின் பழைய கோவையிலிருந்து, உரியவரின் இசைவோடு, கடிதம் ஒன்றையும் பட்டியல் ஒன்றையும் பெற்று மாணவரிடம் கொடுத்தல் போதும். அவர்கள் அதனை ஒருங்குறியில் எழுதி, அட்டவணையில் அமைத்து, அகரவரிசைப்படுத்தி, அச்சிடுதற்கு முன் ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்புநோக்குவாராக. பின்னர் அக்கோவையை வேறொரு கணனிக்கு அனுப்பி, வேறோர் எழுத்துருவில் திறந்து பார்க்கச் செய்தல் வேண்டும். பெயர்களும் தொகைகளும் தத்தம் கட்டத்தை விட்டு அகலாதிருப்பின், முதற்பாடம் நிறைவுற்றதெனக் கொள்ளலாம்.