பொகவந்தலாவையில் ஒரு நிழற்படக் கலைஞர்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்வோருட் பலர், அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் மயானத்திலே, உலக நிழற்படச் சரித்திரத்தில் தனி ஸ்தானம் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் தம் கணவரோடு அடக்கமாகியிருப்பதை அறியாமலே கடந்துபோகின்றனர். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த அவர், இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்த காலத்தில், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாய்க் கொடுத்த கமராவைக் கொண்டே இக்கலையைப் பயிலத் தொடங்கினார். கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கரி போட்டுவைத்த அறை இருட்டறையாயிற்று. கண்ணாடித் தகட்டிற் கொல்லோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னே படம்பிடித்துக் கழுவியும் முடிக்கவேண்டிய சிரமமான அம்முறைக்காகப் பணிப்பெண்களும் உறவுப் பெண்களும் குழந்தைகளும் நெடுநேரம் அசையாது அமர்ந்தனர். அன்றாடம் வீட்டிற் கண்ட அம்முகங்களே அவருடைய படங்களில் தேவமாதாவாகவும் தேவதூதராகவும் உருமாறின.

1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்களை நாடி இலங்கை வந்தபின், தோட்டங்களில் உழைத்த நம்மவரையும் அவர் படம்பிடித்தார். 1879 ஜனவரியில் அவர் காலமானார். இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. மாட்சிமையோடு நம்மை நோக்கும் அம்முகங்களிற் பலவற்றுக்குப் பெயர் குறிக்கப்படாமற் போனது என் நெஞ்சை வருத்துகிறது. இன்று லயத்துச் சுவரில் தொங்கும் கல்யாணப் படத்தையும், கொழும்பில் வேலைசெய்யும் மகன் கைத்தொலைபேசியில் எடுத்த அப்பாயியின் படத்தையும் அச்சிட்டு வைப்போர், அவற்றின் பின்புறத்தே பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் மென்மையான பென்சிலால் இன்றே எழுதிவைக்கலாம்.