தொலைவிலுள்ள பொருளும் அதன் அளவைத் தளமும்

ஆறு, பாலம், தெரு, எல்லை ஆகியவற்றின் வடிவத்தையும் இருப்பிடத்தையும் எண்களாற் குறித்துக் கணனியிற் பேணும் களஞ்சியம் இடஞ்சார் தரவுத்தளம் எனப்படும். அக்களஞ்சியம் ஓரிடத்திற் குவியாது பல நாடுகளிற் பரந்து கிடப்பின், ஒரு நாட்டினர் மற்றொரு நாட்டிலுள்ள பொருளின் தரவை எவ்வாறு பெறுவர்? ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டில் இயற்றிய 'இன்ஸ்பயர்' என்னும் பணிப்புரை இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டது. அதன்படி ஒவ்வொரு நாடும் தன் தரவைத் தானே பேணும். பிறர் அதனை வலையமைப்பின் வழியாகத் தேடவும், காணவும், பெறவும் வசதி செய்யும்.

இம்முறையில் எழும் முதலாவது இடர் பருமன் பற்றியது. ஆற்றங்கரை ஒன்றை வரைவதற்குப் பல்லாயிரம் புள்ளிகள் வேண்டப்படலாம். ஆற்றைக் கடக்கும் தெருக்களை அறியும்பொருட்டு எல்லா வடிவங்களையும் முழுமையாக வரவழைப்பின் காலம் வீணாகும். ஆதலின், ஒவ்வொரு பொருளையும் தன்னுள் அடக்கவல்ல மிகச் சிறிய செவ்வகத்தை முதலில் ஒப்பிடுவர். அதனைக் குறிக்க நான்கு எண்களே போதும். செவ்வகங்கள் ஒன்றையொன்று தொடாவிடின் பொருள்களும் தொடமாட்டா. அவை தொடுமாயின் பொருள்கள் தொடவுங்கூடும், தொடாதிருக்கவுங்கூடும். ஆகவே ஐயத்துக்குரியவற்றின் முழுவடிவத்தை மட்டுமே பின்னர் வரவழைத்து ஆராய்வர். 1984இல் அன்ரனின் கற்மன் வெளியிட்ட 'ஆர் மரம்' என்னும் அமைப்பு, சிறு செவ்வகங்களைப் பெருஞ் செவ்வகங்களுள் அடுக்கடுக்காக அமைத்து இத்தேடலை விரைவாக்கிற்று.

இரண்டாவது இடர் அடையாளம் பற்றியது. பெறுபவரிடம் வருவது பிரதியே. மூலம் உரியவரிடமே இருக்கும். மூலம் திருத்தப்படின் பிரதி பழமைப்பட்டுவிடும். ஆதலின் பொருளுக்கு மாறாத அடையாளக்குறி ஒன்று வழங்கப்படும். தரவை வழங்கியவரைச் சுட்டும் பகுதியும், அவர் பொருளுக்கு இட்ட குறியும் அதில் இணைந்திருக்கும். அதனைக் கொண்டு எப்பொழுதும் மூலத்தை மீண்டும் அணுகலாம்.

மூன்றாவது இடரே மிகவும் நுண்ணியது. ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே இறைன் நதிமீது லாவுபென்பேர்க்கில் அமைக்கப்பட்ட பாலம் இதற்குத் தக்க சான்றாகும். ஜேர்மனியர் உயரத்தை வடகடலின் மட்டத்தினின்றும், சுவிற்சர்லாந்தினர் மத்தியதரைக் கடலின் மட்டத்தினின்றும் கணித்தனர். இரண்டுக்குமிடையே 27 சதமமீற்றர் வேறுபாடு உண்டு என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர். ஆயினும், அத்திருத்தத்தைக் கூட்டவேண்டிய இடத்திற் கழித்தும் கழிக்கவேண்டிய இடத்திற் கூட்டியும் குறி மாறிக் கணித்தமையால், வேறுபாடு நீங்காது 54 சதமமீற்றராக இரட்டித்தது. 2003இல் கட்டுமானத்தின்போது அது வெளிப்பட்டது.

இரு நாட்டு அளவைகளும் தத்தம் தளத்திற் சரியானவையே. பிழை அவை ஒன்றுசேருமிடத்தில் நேர்ந்தது. எனவே, தொலைவிலிருந்து ஓர் எண்ணைப் பெறுபவர், அது எத்தளத்தினின்று அளக்கப்பட்டது என்பதையும் உடன் பெறுதல் வேண்டும். அஃதின்றேல், விரைந்து வந்த தரவு விரைந்து வந்த பிழையாகவே முடியும்.