மூச்சு வாங்கும்போது சோதியுங்கள்

உடற்பயிற்சிச் செயலியைச் சோதிக்கும் இடம் பெரும்பாலும் ஒரு ஏசி அறைதான். ஒரு நாற்காலி, மேசைமேல் கைப்பேசி, விரல் போகும் இடத்தையெல்லாம் படம்பிடிக்கும் கேமரா. "ஓட்டத்தைத் தொடங்குங்கள், நடுவில் நிறுத்துங்கள், பிறகு சேமியுங்கள்" என்கிறார் சோதனையை நடத்துபவர். வந்தவர் மூன்றையும் சிரமமில்லாமல் செய்துவிடுகிறார். அதே ஆள் வெயிலில், நான்காவது கிலோமீட்டரில், அந்த 'நிறுத்து' பட்டனை அழுத்த முடியாமல் திணறுவார்.

திரை வேலை செய்யும் விதம் ஒரு காரணம். விரல் படும்போது மின்னேற்றத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் கைப்பேசி தொடுதலை உணர்கிறது. வியர்வையும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் படிந்த திரை, தொட்ட இடத்தை விட்டுவிட்டுத் தொடாத இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். தொடும் பட்டன் குறைந்தது 48 டிபி, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. நின்ற இடத்தில் நிற்கும் கைக்கு அது போதும். ஆடும் கைக்குப் போதாது. நாற்பதைத் தாண்டியவர் வாசிப்புக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஓட வருகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் வாட்சில் பக்கவாட்டிலுள்ள இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் பயிற்சி நின்றுவிடும். திரையைப் பார்க்கவே தேவையில்லை. ஓடுகிறவரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

சோதனை முறையும் ஓட்டத்துக்கு ஏற்ப மாறியாக வேண்டும். மனதில் தோன்றுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே செயலியைப் பயன்படுத்தச் சொல்வது இத்துறையின் பழைய வழக்கம்; ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் அதை முறையாக எழுதிவைத்தார். மூச்சு வாங்க ஓடுகிறவரால் அப்படிப் பேச முடியுமா? பேசுவதற்காக அவர் வேகத்தைக் குறைத்தால் நாம் பார்ப்பது வேறொரு ஓட்டம். கூடவே ஓடி, படம்பிடித்து, அவர் நின்ற உடனே, நினைவு கலைவதற்குள் கேட்பதே சரி.

யாரைக் கூப்பிடுவது? ஆய்வாளர்கள் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். இந்தக் கணக்கைச் சொல்லாத நிறுவனம் இல்லை. ஆனால் ஐவரும் இருபத்தைந்து வயதுப் பையன்களாக இருந்தால் அவர்களுக்கு வரும் குறைகள் மட்டுமே தெரியும். ஆப்பிள் நிறுவனத்தின் ஹெல்த் செயலி 2014இல் வந்தபோது எத்தனையோ அளவுகளைப் பதிய முடிந்தது. மாதவிடாயைப் பதிய இடமில்லை. அது அடுத்த ஆண்டுதான் சேர்ந்தது. இருக்கும் பட்டனை அழுத்தச் சொல்லும் சோதனை, இல்லாத பட்டனை எப்படிக் காட்டும்?

கேட்கும் கேள்வியிலும் இதே சிக்கல்தான். ஓட்டத்தைப் பதியத் தெரிகிறதா என்று எல்லோரும் சோதிக்கிறார்கள். இந்த ஓட்டத்தை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று பயனரிடம் கேட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. ஓட்டத்தைப் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் சேர்த்து உலக வரைபடம் வெளியிட்டது. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய பாதைகள் அதில் பளிச்சென்று தெரிவதை 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டினார். அந்த வரைபடத்திலிருந்து விலகிக்கொள்ளும் வசதி செயலிக்குள் இருக்கத்தான் செய்தது. அமைப்புகளை எளிமையாக்குவதாக நிறுவனம் அதன் பிறகு உறுதியளித்தது. அந்தரங்கத்தைக் காக்கும் பட்டன் கண்ணில் படாமல் கிடப்பதை, ஓட்டம் பதிவாகாமல் போவதைவிடப் பெரிய கோளாறாகவே நான் கருதுகிறேன்.

ஒரு மணி நேரச் சோதனைக்கு எட்டாத குறைகளும் உண்டு. தினசரி இலக்கை விடாமல் எட்டியவருக்குக் காய்ச்சல் வருகிறது. படுத்திருக்கும் மூன்று நாளில், சேர்த்துவைத்த தொடர்ச்சி அறுந்துபோகிறது. 2015இல் வந்த ஆப்பிள் வாட்சில், தொடர்ச்சி அறாமல், தினசரி இலக்கைக் காட்டும் வளையங்களை நிறுத்திவைக்கும் வசதி 2024இல்தான் கிடைத்தது. இதெல்லாம் தெரிய, செயலியை வாரக்கணக்கில் கையில் கொடுத்து, தினமும் இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும். நடுவில் எழுதுவதை நிறுத்தியவரை 'விலகியவர்' என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுவது வழக்கம். முதலில் போய்ப் பேச வேண்டியது அவரிடம்தான்.