தலைக்கணக்கும் அடுப்புக்கணக்கும்

விழுப்புரத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டமாக்கும் அறிவிப்பு 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று புதிய மாவட்டம் செயல்படத் தொடங்கியது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் தலைநகரான கள்ளக்குறிச்சி, 2011 கணக்கெடுப்பின்போது 52,508 பேர் வாழ்ந்த ஊர். ஆட்சியர் அலுவலகம், காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், துறைக்கொரு மாவட்ட அலுவலகம் என்று வரிசையாக வந்தால், அவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு வீடு வேண்டும். ஆள் கூடினால் வாடகை கூடும், இதிலென்ன அதிசயம் என்று தோன்றலாம். உள்ளே புகுந்து பார்த்தால் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது.

முதல் ஆச்சரியம்: வீட்டைக் கேட்பது தலை அல்ல, அடுப்பு. 2001க்கும் 2011க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 15.6 சதவீதம்தான் வளர்ந்தது. குடும்பங்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 30 சதவீதம் பெருகியது. கூட்டுக் குடும்பங்கள் தனிக்குடித்தனங்களாகப் பிரிந்தன, பிள்ளைகளும் குறைந்தார்கள். வீட்டுக்குச் சராசரியாக 4.4 பேர் இருந்தது 3.9 ஆனது. இந்தக் கணக்கை 52,508 பேருக்குப் போட்டுப் பாருங்கள். 2001இன் சராசரிப்படி சுமார் 11,900 வீடுகள் போதும். 2011இன் சராசரிப்படி ஏறத்தாழ 13,500 வேண்டும். வெளியூரிலிருந்து ஒருவரும் வராமல், ஒரு குழந்தையும் பிறக்காமல், 1,500 வீடுகளுக்கு மேல் கூடுதல் தேவை!

இரண்டாவது: விலையை முடிவுசெய்வது மொத்த வீடுகள் அல்ல, காலியாக இருக்கும் சில வீடுகள். ஓர் ஊரில் 10,000 வாடகை வீடுகள், அவற்றில் 500 காலி என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 600 குடும்பங்கள் வருகின்றன. மொத்தத்தோடு ஒப்பிட்டால் வெறும் 6 சதவீதம். ஆனால் 500 வீட்டுக்கு 600 குடும்பங்கள் போட்டி. நூறு குடும்பங்கள் பின்வாங்கும்வரை, அல்லது அத்தனை இடம் புதிதாகக் கிடைக்கும்வரை, வாடகை ஏறும். தனிக்குடித்தனம் போக நினைத்த மகன் தள்ளிப்போடுவான். மாடியில் சாமான் போட்டு வைத்திருந்தவர் அறையைக் காலிசெய்து, சமையல் மேடை கட்டி, வாடகைக்கு விடுவார். ஒரு செங்கல் சூளையும் புகையாமல் பழைய வீடுகளுக்குள்ளிருந்தே புது வீடுகள் முளைக்கின்றன. வாடகை உயர்வு செய்யும் மாயம் அது.

மூன்றாவது: ஆள் வருமுன்னே விலை வந்துவிடும். ஒரு வீட்டின் விலை என்பது அது இனிமேல் ஈட்டப்போகும் வாடகைகளின் இன்றைய மதிப்பு. மாதம் 8,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 96,000. முதலுக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் வாடகை வந்தால் போதும் என்று நினைப்பவர் அந்த வீட்டுக்கு 24 லட்சம் தருவார். 'மாவட்டத் தலைநகர் ஆகிறது, வருங்காலத்தில் வாடகை இன்னும் வேகமாக ஏறும்' என்று நம்பினால் இன்றைக்கு 3 சதவீதமே போதும் என்பார். உடனே அதே வீடு 32 லட்சம். வாடகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. விலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது! ஏறியது நம்பிக்கையின் விலை.

நான்காவது ஆச்சரியம் மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறது. அங்கே பிறக்கும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. வான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார் 1826இல் ஓர் உண்மையைச் சொன்னார்: எந்த நிலமும் அதற்கு அதிக வாடகை தரக்கூடிய பயனுக்கே போய்ச் சேரும், சந்தையிலிருந்து விலக விலக அந்தத் தொகை குறையும். இதைப் பிற்காலத்தார் 'ஏல வாடகை' என்றார்கள். ஓரிடத்துக்காக ஒருவர் தரத் தயாராக இருக்கும் உச்சத் தொகை என்று பொருள். வீட்டின் ஏலமும் கரும்பின் ஏலமும் சமமாகும் இடமே ஊரின் எல்லை. ஆகவே தண்ணீர் நன்றாகப் பாயும் வயல் மனைக்கு எளிதில் வழிவிடாது. வானம் பார்த்த மேட்டு நிலத்தில்தான் முதலில் மனைக்கல் நடப்படும். ஊர் எந்தப் பக்கம் வளரும் என்பதில் மலையில் பெய்யும் மழைக்கும் ஒரு குரல் உண்டு.

வயல் மனையாகும் கணக்கும் சுவையானது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலை, பூங்கா ஆகியவற்றுக்கு 40 சதவீதம் போனால் மீதியில் 1,200 சதுர அடி மனைகள் 21 தேறும். மேலே சொன்ன 1,500 வீடுகளைத் தரையில் மட்டும் கட்டினால் 70 ஏக்கருக்கு மேல் வேண்டும். மாடிக்கு ஒரு குடும்பமாக இரண்டு தளம் எழுப்பினால் அதில் பாதி போதும். ஒரு படிக்கட்டு மிச்சப்படுத்தும் வயலின் அளவு இது.

ஐந்தாவது: பணக்காரருக்குக் கட்டும் வீடு ஏழைக்கும் இடம் தருகிறது. கூட்டமான பேருந்தில் முன்னிருக்கைக்காரர் எழுந்தால் பின்னாலிருப்பவர் அங்கே நகர்வார், அவர் இடத்தில் இன்னொருவர் அமர்வார், கடைசியில் நின்றுகொண்டிருந்தவருக்கும் ஓர் இருக்கை கிடைக்கும். வீடுகளிலும் இதே நகர்வுதான். ஆய்வாளர்கள் இதைக் 'காலியிடச் சங்கிலி' என்கிறார்கள். பின்லாந்தின் ஹெல்சின்கியில் மக்கள் வீடு மாறிய பதிவுகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நகர மையத்தில் கட்டப்பட்ட 100 புது வீடுகள், வருமானத்தில் கீழ்ப்பாதியிலுள்ள பகுதிகளில் சுமார் 60 வீடுகளைக் காலியாக்கின.

ஆனால் சங்கிலி ஓட வேண்டுமானால் வீட்டில் ஆள் குடியேற வேண்டும். 2011இல் இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2012இல் அரசு நியமித்த நிபுணர் குழுவோ நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 1.5 கோடி, கூரை இருந்தும் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள். முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிய வீடும், கல் நட்டு முள்செடி மண்டிய மனையும் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடுகின்றன.

எனவே 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் வரும்போது கள்ளக்குறிச்சியில் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எத்தனை குடும்பங்கள், எத்தனை வீடுகள் காலி என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊரில் வாடகை ஏன் ஏறியது என்பதை முதல் எண்ணைவிட இந்த இரண்டும் தெளிவாகச் சொல்லும்.